மூன்று நாள் மிதி

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எண்பதுகளில் திண்டிவனத்துக்கு மருமகளாகப் போன பிறகு, தெருவில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ராசியில்லாதவள் என்று நல்ல காரியங்களில் மாமியார் என்னை முன்னால் நிற்க விடமாட்டார். இடுப்புக்கு மட்டும் நான் வேண்டும்.

என் கணவர் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். கோபம் வந்தால் கை நீட்டுவார். அது அடிக்கடி வரும். ஒரு நாள் மூட்டையை இறக்கும்போது இடுப்பில் சுருக்கென்றதாம். அதிலிருந்து இருமினாலும் தும்மினாலும் வலி இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை கரண்ட் பாய்ந்த மாதிரி இறங்கியது. வெறும் பிடிப்பு அப்படிக் காலில் இறங்காது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வாயு என்றார் மாமியார். என்னை மிதிக்கச் சொன்னார்.

புருஷனை மிதிப்பது பாவமாயிற்றே. அதற்கும் மாமியாரே வழி சொன்னார்: மிதித்து முடித்ததும் கணவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். வாசற்படியில் குப்புறப் படுக்கவைத்து, மூன்று நாள் காலையில் மும்மூன்று மிதி. முதல் நாள் பயந்து மிதித்தேன். இரண்டாம் நாள் அவர் அலறியது எனக்குப் பிடித்திருந்தது. இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் கும்பிடும்போது அவருடைய இடது கட்டைவிரலை நகத்தால் கிள்ளினேன். கால் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ரத்தம் கசிந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. இது வாயு இல்லை, கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

பாதத்தைத் தூக்க முடியாமல் அவர் தரையில் இழுத்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் விழுப்புரத்துக்குப் போனோம். டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். ஒரு சாண் எழும்புவதற்குள் இவர் கத்திவிட்டார். முதுகெலும்புக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை நசுக்குகிறது, விரல் மரத்த அன்றே வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம், இனிமேல் சந்தேகம்தான் என்றார் டாக்டர். எப்போது மரத்தது என்று கேட்டார். இவருக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெரல்ல நகம் பட்ட காயம் இருக்குது. அன்னிக்கே ஒனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியுங்க," என்றேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. திண்டிவனத்தில் இறங்க என் தோளைப் பிடித்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.