பின் சீட்டில் கேட்காத சத்தம்

விசுவமடு தாண்டும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். மழை விட்டிருந்தது, கண்ணாடியை இறக்கியிருந்தேன். நீளமான ஒரு மதிலை ஒட்டிக் கார் போனபோது, எஞ்சினுக்குள் யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக், டிக், டிக். மதில் முடிந்ததும் சத்தம் மங்கியது. வேகத்தைக் கூட்டினால் தட்டலும் விரைந்தது, குறைத்தால் ஆறுதலானது.

கார் என்னைவிட வயதில் மூத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, இப்போது ஜெயபுரத்தில் படிப்பிக்கிறேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காரையும் என் உழைப்பில்தான் வாங்கினேன். அது இருப்பதால்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முள்ளியவளைக்கு, அம்மாவிடம் போக முடிகிறது. பஸ் என்றால் மூன்று மாற வேண்டும், கடைசி பஸ்ஸை எப்போதும் தவறவிடுவேன். கார் நின்றால் வீடு என்பது பள்ளி விடுமுறைக்குப் போகும் இடமாகிவிடும். மற்ற நாட்களில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, வாடகை அறையில் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்பதில்லை.

காருக்குள்ளும் நான் தனிதான். எங்கள் வீட்டாருக்குக் கார் என்றால் ஹயர் கார். கலியாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்த வீட்டுக்குப் பிடிப்பது. ஹயர் காரில் பெண்கள் பின்னால்தான் ஏறுவார்கள். மகள் ஓட்டும் காரிலும் அம்மா தானாகப் பின் கதவைத்தான் திறப்பா. முன்னுக்கு வரச் சொன்னால், "எனக்கு இஞ்ச வசதியாக் கிடக்கு" என்பா. ஒருமுறை முள்ளியவளைச் சந்தையடியில் அம்மா பின்னாலிருந்து இறங்குவதைப் பார்த்த ஒருவர் என்னிடம் வந்து, "தங்கச்சி, புதுக்குடியிருப்புக்கு ஹயர் வருவீங்களோ?" என்று கேட்டார். அம்மா அன்று முழுவதும் சிரித்தா. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

சத்தம் கேட்ட அடுத்த கிழமை கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"கீழ இருந்து வருது. பெயாரிங் போயிட்டுது. எஞ்சின் முடிஞ்சுது தங்கச்சி."

"திறந்து பாக்காமல் எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"நாங்கள் எத்தினை எஞ்சினைக் கண்டனாங்கள். வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டி எடுங்கோ. வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கதைப்பம்."

"அப்பாவுக்கு மாட்டைப் பற்றித்தான் தெரியும்," என்றேன். "கார் என்ரை."

கோபத்தோடு வந்துவிட்டேனே தவிர, அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்ற பயம் கூடவே வந்தது. எஞ்சின் ஓயில் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. கீழே, எஞ்சினின் வயிற்றில், பெயாரிங் தேய்ந்தால் அதோடு கதை முடிந்தது. மேலே, வால்வைத் திறந்து மூடும் பகுதியில் இடைவெளி கூடியிருந்தாலும் இப்படித்தான் தட்டும். அது சின்ன வேலை. மேலேயா, கீழேயா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியும். மேசையின் ஒரு நுனியில் காதை வைக்கச் சொல்லி, மறு நுனியைச் சுரண்டி, திண்மத்துக்குள்ளால் ஒலி எப்படி வருகிறது என்று வகுப்பில் காட்டுவேன். அதே மாதிரி நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால், சத்தம் பிறக்கும் இடம் சொல்லிவிடும். ஆனால் அப்போது இன்னொருவர் அக்சிலேற்றரை மிதிக்க வேண்டும்.

அந்த இன்னொருவர்தான் இல்லை. பொனற்றுக்குள் அக்சிலேற்றர் கேபிளை ஒரு கையால் இழுத்துப் பார்த்தேன். கை எட்டினால் காது எட்டவில்லை. பெடலில் செங்கல் வைத்தேன். எஞ்சின் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள்ளால் ஓடிவிட்டது. படித்த படிப்பெல்லாம் தலைக்குள் இருக்க, மிதிக்க இன்னொரு கால் இல்லாமல் வாடகை வீட்டு முற்றத்தில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை மெதுவாக ஓட்டி முள்ளியவளைக்குப் போனேன். சனி காலை அப்பா வயலுக்குப் போய்விட்டார். அம்மா நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கதிரையைத் துடைத்துவிட்டா. உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் இந்த மரியாதைதான், ஒரு வேலையும் சொல்வதில்லை.

"அம்மா, ஒருக்கா காருக்குள்ள ஏறுங்கோ. முன்னுக்கு. ஸ்டியரிங் பக்கம்."

"உனக்கென்ன விசரே? ஓடிப்போட்டுதெண்டால்?"

"கியரில இல்லை. ஓடாது."

"ஓடினாக் கிணத்துக்கதான் நிக்கும். பிறகு அப்பாக்கு நீதான் சொல்லவேணும்."

செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினா. நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பெடலைக் காட்டிவிட்டு, பொனற்றடியில் குனிந்து மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் வ்ரூம், வ்ரூம், வ்ரூம் என்று எழுந்து எழுந்து விழுந்தது. எட்டிப் பார்த்தால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தையல் மெஷினை மிதிப்பதுபோல ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தா. எங்கள் சட்டைகளையெல்லாம் தைத்த கால்.

"அம்மா! சட்டை தைக்கேல்லை. மெல்ல அமத்தி அப்பிடியே பிடியுங்கோ!"

"முதலே சொல்லுறதுக்கென்ன? வாத்தியாரம்மா!"

பிடித்தா. முதலில் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினின் கீழ்ப்பக்கத்தில் வைத்தேன். ஒரே சீரான உறுமல், தட்டல் இல்லை. பக்கவாட்டிலும் இல்லை. எஞ்சினின் மேல் மூடியில் முன்பக்கமிருந்து நகர்த்திக்கொண்டு வந்தேன். நடுவைத் தாண்டியதும் டிக் என்று காதுக்குள் சுத்தியல் அடித்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே இடம்.

"மேல!" என்று கத்தினேன். "அம்மா, மேலதான்!"

"நல்லதோ கெட்டதோ, அதைச் சொல்லு. கால் உளையுது."

"நல்லது. வால்வு இடைவெளி. நானே திருத்துவன்."

அதற்குத் தேவையான, இடைவெளியை அளக்கும் தகடு பள்ளிக்கூடத் தொழில்நுட்ப அறையில் இருந்தது. ஞாயிறு பின்னேரம், சத்தத்தோடேயே ஜெயபுரத்துக்குப் புறப்பட்டேன். அம்மா முருங்கைக்காயையும் அரிசியையும் பின் சீட்டில் வைத்துவிட்டு, சுற்றி வந்து முன் கதவைத் திறந்தா.

"சந்தி மட்டும் வாறன். பின்னால இருந்தா உந்தச் சத்தம் கேக்காது."

சந்தி வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தா. ஒரு மதிலைக் கடந்தபோது, "ஓம், கேக்குது," என்றா. சந்தியில் இறங்கி, கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்திவிட்டு, திரும்பி நடந்து போனா.

என் பக்கத்து முன் சீட்டில் அதுவரை யாரும் இருந்ததில்லை. அதனால் அது வெறுமையாக இருப்பதாக எனக்குத் தோன்றியதுமில்லை. அன்று பரந்தன் வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். மதில்கள் வரும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கினேன்.