மாட்டு மணி கட்டிய பேட்டரி வண்டி

மலையில் பள்ளங்கி ரோட்டு வளைவில் எனக்கு டியூட்டி போட்ட முதல் நாளே ஒரு பேட்டரி வண்டி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. நல்ல பனிமூட்டம். ஹாரன் இல்லை, லைட் இல்லை, இன்ஜின் சத்தமும் இல்லை. டிராஃபிக் போலீஸில் பழம் தின்று கொட்டை போட்ட என்னையே பதற வைத்தது பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண். பெயர் ஜெனிஃபர்.

நிறுத்தினேன். "ஹாரன் எதுக்கும்மா வச்சிருக்கு?"

"அடிச்சா சார்ஜ் எறங்கிரும் சார். லைட்டு போட்டாலும் எறங்கிரும். அப்புறம் ஏத்தத்துல நாந்தான் தள்ளணும்."

அந்த ரோட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கணக்குதான். வண்டியோ லைசென்ஸ் தேவையில்லாத சின்ன ரகம். சில வாண்டுகள் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பீடு லாக் ஒயரையும் பிடுங்கிவிட்டு ஓட்டும். ஒயரை மெக்கானிக்கை வைத்துத் திரும்ப மாட்ட வைத்தேன். ஹெல்மெட் இல்லாதவர்களை வீட்டுக்குத் திருப்பினேன். ஹாரனை மட்டும் என்னால் அடிக்க வைக்க முடியவில்லை. என் தலை மறைந்ததும் விட்டுவிடுவார்கள். பனியில் எதிரே கேரட் லோடு வேன் வந்தால்? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் சந்தையில் மாட்டுக் கழுத்து மணிகள் வாங்கிவந்து ஹேண்டில்பாரில் கட்டச் சொன்னேன். மணிக்குச் சார்ஜ் வேண்டாம். அந்தக் குண்டும் குழியுமான ரோடே ஆட்டிவிடும்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ், எந்தச் சட்டத்துலய்யா மாட்டு மணி இருக்கு?"

"சட்டத்துல இல்லீங்கய்யா. பிள்ளைக வீடு போய்ச் சேரணும்ல."

ஜெனிஃபர்தான் அதிகம் சண்டை போட்டாள். "கிளாஸுக்குள்ள போனாலே எல்லாரும் மாடு மாதிரி கத்துறாங்க சார்." கண்ணில் தண்ணீர். பாவமாகத்தான் இருந்தது.

"கத்துனா கத்தட்டும். கட்டும்மா."

ஒரு நாள் காலை, எதிரில் நிற்பவர் தெரியாத பனி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சத்தம். கீழிருந்து அவள் மணி கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. திடீரென்று நின்றது. கழற்றிப் பையில் போட்டுவிட்டாள் என்று எனக்குக் கோபமான கோபம். வரட்டும், இன்றைக்கு வண்டியைப் பிடுங்கிவிடுகிறேன் என்று காத்திருந்தேன். வண்டி வரவில்லை. அப்புறம்தான் பயம் பிடித்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

நடுரோட்டில் விழுந்து கிடந்தாள். கால் வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தது. அதே நேரம் மேலிருந்து வேன் இறங்கும் சத்தம். திரும்பி ஓடி, டார்ச்சை ஆட்டிக்கொண்டே விசில் ஊதினேன். என் நெஞ்சுக்கு முன்னால் வந்து பிரேக் அடித்தது வேன்.

"யாரு சார் அங்கன கெடக்கா?" என்று டிரைவர் குதித்து வந்து பேட்டரி வண்டியைத் தூக்கினார்.

முட்டியில் சிராய்ப்பு, ஹெல்மெட்டில் கீறல், அவ்வளவுதான்.

"நான் விழுந்தது எப்படி சார் தெரிஞ்சது?"

"ஒன் மணி நின்னுருச்சேம்மா."

கயிறு அறுந்து ஓரத்தில் கிடந்த மணியை நொண்டிக்கொண்டே போய் எடுத்தாள். பின்னலில் இருந்த ரிப்பனை அவிழ்த்து, மணியைத் தானே ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினாள்.

இப்போது நான் ரிட்டயர்டு. டிராஃபிக் போலீஸுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வண்டியை நிறுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்றால், இறங்கிப் போய்ப் பாருங்கள்.