அன்னெலியின் கட்டைவிரல்

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. விரலை எடுத்துவிட்டு, வீக்கத்தில் விழுந்த குழி மேடாகும்வரை அன்னெலி வாய்க்குள் எண்ணுவாள். ஐந்தைத் தாண்டினால் புருவம் ஏறும். பத்தைத் தாண்டினால் நமக்கு வசவு நிச்சயம்.

ஸ்வீடனில், எங்கள் துறைமுக ஊரில் இதயம் தளர்ந்துபோன நாற்பத்துமூன்று பேர் அவள் பொறுப்பு. மருந்தை டாக்டர் எழுதுவார். தளர்ந்த இதயத்தோடு அன்றாடம் பிழைத்துக் கிடப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பது நர்ஸ் அன்னெலிதான். காலையில் கழிப்பறை போய்வந்ததும், காபிக்கு முன்னால், எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே அவளைப் போனில் கூப்பிட வேண்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. காபியும் அதில் சேர்த்தியா என்று கேட்டேன். "ஏன் ஃபோல்கே, காபி என்ன கல்லா?" என்றாள்.

உட்கார மாட்டாள். பாடம் நடக்கும்போதே ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், நம் செருப்பை நேராக வைப்பாள். கடையில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. என் கூடையில் கையை விட்டு, உப்பில் ஊறவைத்த மீன் புட்டியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். எழுபத்திரண்டு வயதில், ஊர் பார்க்க, எனக்கு இது தேவையா?

ஆனால் மூச்சுமுட்டி இரண்டு முறை உமியோ நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தவன் நான். மூன்றாம் முறை போனால் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சுற்றிவளைத்துச் சொல்லியிருந்தார். அதனால், திட்டிக்கொண்டே, அவள் சொன்னதை அப்படியே செய்துவந்தேன்.

அப்படியும் இந்த மார்ச்சில் எடை ஏறியது. எண்பத்துநான்கு, எண்பத்தைந்து, எண்பத்தாறரை. கூப்பிட்டேன். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து நின்றாள். கட்டைவிரலை அழுத்தினாள். பன்னிரண்டு எண்ணும்வரை குழி நின்றது. திட்டவில்லை. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

சமையலறையைக் குடைந்தாள். ரொட்டிப் பொட்டலத்தின் பொடி எழுத்தைப் படித்தாள், வெண்ணெயை நக்கிப் பார்த்தாள், குப்பைக்கூடையைக்கூடக் கிளறினாள். மீன் இல்லை, உப்பு டப்பா காலி, மாத்திரைகளும் கணக்காகத் தீர்ந்திருந்தன. எங்கிருந்துதான் ஏறுகிறது என்று முணுமுணுத்தபடி அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாக்கு வறண்டது. சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"என்னது அது?"

"மிட்டாய். தாகம் எடுத்தா தண்ணி குடிக்காம மிட்டாய் சப்புங்கன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். கறுப்பு மிட்டாய், அதிமதுரமும் உப்புக்கரிப்பும் கலந்தது. ஸ்வீடனில் பிறந்தவனுக்கு மிட்டாய் என்றால் இதுதான். பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறோம். நாளுக்கு ஒரு பெட்டி ஆகிறது என்றேன்.

அன்னெலி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதிமதுரம் தண்ணிய உடம்புக்குள்ளயே புடிச்சு வச்சுக்கும்" என்றாள் மெதுவாக. "என்ன மிட்டாய்னு நான் சொல்லவே இல்ல, ஃபோல்கே. எல்லார்கிட்டயும் இப்படியேதான் சொல்லியிருக்கேன்."

அடுத்த நொடி எழுந்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிட்டு எனக்கு நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினாள், அன்றே ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கினாள், மிட்டாய்ப் பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, கோட்டுகூட மாட்டாமல், போனோடு வாசற்படிக்குப் போனாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. "தாகத்துக்கு என்ன மிட்டாய் சாப்புடுறீங்க?" என்று தன் நோயாளிகளில் ஒருவரைக் கேட்டாள். எலுமிச்சை மிட்டாயாம், அதற்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அடுத்தவர். அதற்கடுத்தவர். நான்காவது ஆள் எடுக்கவில்லை போலிருக்கிறது. திரும்ப அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. படிக்கட்டின் கைப்பிடியில் பனி கனமாகப் படிந்திருந்தது. அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், எடுத்தாள், பக்கத்தில் மறுபடி அழுத்தினாள். அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.