வடித்த நிறை

யாகப்புவின் தராசில் முல்லைத்தீவுக் கரையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மீனை நிறுக்குமுன் கூடையைத் தூக்கிப் பிடித்து, கடைசிச் சொட்டு நீரும் வடியும்வரை நிற்பார். "கடல் தண்ணியையும் மீனெண்டு நிறுக்கலாமே?" என்பார். மீன் விற்ற சம்மாட்டிமார் பல்லைக் கடித்தார்கள். வாங்கியவர்கள் மாதாவுக்கு அடுத்தபடியாக அவரை நம்பினார்கள்.

1963ஆம் ஆண்டு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்து கூடை தூக்க முடியாமற் போக, வன்னியில் ஓர் ஆசுபத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தார். மூன்றாம் வாரம் டொக்டர் யோகநாதன் அவரைச் சத்திரசிகிச்சை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு சின்னத் தராசைக் காட்டினார்.

"விசுவமடு அன்னபாக்கியத்துக்குக் கர்ப்பப்பையிலை பெரிய கட்டி. இரத்தம் ஒத்தின துணியளை நிறுத்து, வெறும் துணியின்ரை நிறையைக் கழிச்சுச் சொல்லும். இருபது அவுன்ஸ் போனால் இரத்தம் ஏத்தவேணும். இருக்கிறது ஒரே ஒரு போத்தல். கணக்குப் பிழைச்சால் மனுசி இல்லை."

"நிறுவையிலை நான் பிழைவிட்டதா ஒருத்தரும் சொன்னதில்லை, ஐயா."

முதுகில் ஊசி போட்டதால் அன்னபாக்கியத்துக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. வாய் மரக்கவில்லை. நெல்லுக்கு வந்த பூச்சியைப் பற்றி நேர்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு அவுன்ஸ்!" என்று யாகப்பு கரையில் கூவுவதுபோலக் கூவினார்.

"என்ன அண்ணை, சந்தையிலையே நிக்கிறியள்?" என்று மறைப்புத் துணிக்கு அப்பாலிருந்து அவள் கேட்டாள்.

"பேசாமல் கிட பிள்ளை. கணக்குத் தவறிப்போம்."

அரை மணி நேரத்தில் மொத்தம் ஆறு அவுன்ஸ். டொக்டருக்குத் தன் கையைப் பற்றிப் பெருமையாக இருந்தது. ஆனால் பூச்சிக் கதை நின்றுபோயிருந்தது.

"கண் இருட்டுது, டொக்டர்," என்றாள் அன்னபாக்கியம்.

நாடி நூற்று முப்பது என்றாள் நேர்ஸ்.

"ஆறு அவுன்ஸுக்கு இப்பிடி வராதே! யாகப்பு, சரியாத்தானே நிறுத்தனீர்?"

யாகப்புவுக்குச் சுருக்கென்றது. "ஐயா, ஒவ்வொரு துணியையும் முறுக்கிப் பிழிஞ்சு, சட்டிக்குள்ளை வடியவிட்டுத்தான் நிறுத்தனான். சொட்டு ஈரம் சேரேல்லை!"

"என்னத்தைப் பிழிஞ்சனீர்?"

"தண்ணியை…" என்றபடி யாகப்பு காலடியில் இருந்த சட்டியைக் குனிந்து பார்த்தார். உள்ளே இரத்தம் தளும்பியது.

"அதையல்லோ காணும் நிறுக்கச் சொன்னனான்!"

சட்டியோடு நிறுத்து, சட்டியைக் கழித்தார். துணிக் கணக்கையும் கூட்டினால் இருபத்துநான்கு.

போத்தல் ஏறியது. டொக்டர் கசிவு எங்கே என்று தேடினார். கட்டிக்குப் பின்புறம் ஓர் இரத்தநாளம் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. கவ்விப் பிடித்துக் கட்டினார்.

"என்ரை இரத்தத்தையே வடிச்சுப்போட்டியள், அண்ணை?" என்றாள் அன்னபாக்கியம், ஈனக் குரலில்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை. எல்லாத்தையும் கணக்கிலை சேத்திட்டன்."

அதற்குப் பிறகு வந்த துணிகளை, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரு கையாலும் ஏந்தித் தட்டில் வைத்தார். மூன்று அவுன்ஸ். ஒன்று. அரை. பிறகு வெள்ளையாகவே வந்தன. அவற்றையும் நிறுத்தார். கட்டி வெளியே வந்து, தையலும் முடிந்தது.

"போதும் யாகப்பு, இனி விடும்," என்றார் டொக்டர்.

அவர் விடவில்லை. உதடு செபத்தில் அசைய, ஒரே துணியை நாலாம் முறையாகத் தட்டில் வைத்தார்.

"அண்ணை," என்றாள் அன்னபாக்கியம். "இஞ்சை எத்தினை மணிக்குச் சோறு தருவினம்?"

யாகப்பு தராசைக் கீழே வைத்தார். சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.