எனக்கு எறா ஒத்துக்காது

உப்பளத்தில் காலை வேலை முடிந்து கரையேறியதும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் குழம்பும் அவரவர் டப்பாவோடு நிற்காது. கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். என் டப்பாவில் மட்டும் யாரும் எதுவும் வைக்க மாட்டார்கள். "அக்காவுக்கு எறா ஒத்துக்காது, அதுல போடாதீங்க" என்று முந்திக்கொண்டு சொல்வாள் என் கூட்டாளி. எனக்கு ஜோடியாகக் கூடை சுமப்பவள், கடலோரக் குப்பத்துக்காரி. நான் உள்நாட்டில் நெல் விளையும் ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இறாலை எறா என்று சொல்லப் பழகியதே இங்கேதான்.

ஒத்துக்காமல் போனதே அவள் வீட்டில்தான். அவள் மகளுக்குக் காது குத்திய அன்று எறா தொக்கு சாப்பிட்டேன். வீடு வந்து சேருவதற்குள் கழுத்தெல்லாம் தடிப்பு, உதட்டில் எரிச்சல். மூச்சு நின்றுவிடும், பிள்ளைகள் அநாதையாகிவிடும் என்றே நினைத்தேன். விடிந்ததும் தடிப்பு போய்விட்டது. பயம் போகவில்லை. நான் அப்படித்தான், கணக்கு டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்பாரே என்று பயந்தே ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

அதற்கப்புறம் எறா மட்டுமல்ல, அவள் வீட்டில் எதையும் வாயில் வைக்கவில்லை. எந்தச் சட்டியில் எறா வதக்கினார்களோ, அதே கரண்டியைச் சாம்பாரில் போட்டார்களோ என்று யோசனை ஓடும். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "எங்கூட்ல துன்னுதானக்கா உனக்கு இப்படி ஆச்சு" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, மருந்துக்கடை மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வேன். அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் வரப்பில் கால் வழுக்கி, கூடையோடு பாத்திக்குள் விழுந்தேன். கிழிந்த முழங்காலில் உப்புத் தண்ணீர் பட்டு நான் கத்திய கத்தலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். என்னைத் தூக்கி உட்கார வைத்த என் கூட்டாளி, "மாத்திரைய வுட்டுத் தொலக்கா. பாண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னான்னு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்றாள். கூலியை விட்டுவிட்டு அவளே கூட வந்தாள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து வரவைத்தார்கள். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, கட்டாயம் தடிக்க வேண்டும் என்றே வைத்த ஒரு சொட்டு, கொசு கடித்தது போல எழும்பியது. எறா வைத்த இடம் சும்மா கிடந்தது. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்றார்கள்.

"எனக்கு வந்துச்சே டாக்டர். நான் என்னா பொய்யா சொல்றேன்?"

டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. அன்று வந்தது வியர்வைத் தடிப்பாகவும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம் என்றார். "சந்தேகம் வேணாம், இங்கியே சாப்பிட்டுப் பாருங்க. எது ஆனாலும் பாத்துக்க நாங்க இருக்கோம்." பிறகு என் கூட்டாளியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிச் சமைத்து எடுத்து வர வேண்டும் என்று சொன்னார்.

அடுத்த தடவை அவள் இரண்டு டப்பாவோடு வந்தாள். இரண்டிலும் ஒரே மசாலா, ஒரே காரம், சோற்றோடு நைசாகப் பிசைந்தது. ஒன்றில்தான் எறா இருக்கிறது, எது என்று சொல்ல மாட்டோம் என்றார் டாக்டரம்மா. அவள் தன் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் கிண்ணத்தை நர்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரம் காக்க வைத்தார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இரண்டாவதில்தான் எறா என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதில் இரண்டு வாய்தான் முழுங்கியிருப்பேன். தொண்டை இறுகியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அடைக்குது, அடைக்குது, ஊசி போடுங்க" என்று கத்தினேன்.

நர்ஸ் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தாள். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எறா மொதல் கிண்ணத்துல இருந்துச்சுங்க. அத நல்லாவே சாப்ட்டுட்டீங்க. இது வாழைக்கா."

ஜன்னலோரம் இருந்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். "வாழக்காவுக்கா அடச்சிச்சு?" சிரித்துக்கொண்டிருந்த முகம் பாதியிலேயே நின்றது. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். எறா இல்லாமலே அடைத்தது என்றால், மிச்சம் இருந்தது சமைத்த அவள் கை மட்டும்தான்.

பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. அவள் என் பக்கம் திரும்பி, "பயமாக்கா?" என்றாள்.

"பயம்தாம்மா."

"எறாமேலயா?"

ஆமாம் என்றேன். உடனே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இடையில் என் அம்மா நினைப்பில் வந்துவிட்டாள். கல்யாணமாகி இங்கே வரும்போது, "குப்பத்து ஜனங்க வூட்ல கை நனைக்காத" என்று சொல்லி அனுப்பியவள். அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் தொண்டையை இறுக்கியது பயமா, அந்தப் பேச்சா? எந்த ஊசியால் குத்தினால் அது தடித்துக் காட்டும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எப்படியோ விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உப்பு வாரும் பெரியவர் ஒருவர், அவரும் குப்பத்துக்காரர், வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்: "ஏம்மா, எறா ஒத்துக்குதாமே! அப்ப எங்க ஆளுங்கதான் ஒத்துக்கலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாராவது ஒன்று சொன்னால் எனக்காகப் பத்து சொல்லும் என் கூட்டாளி, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டப்பாவை அவள் பக்கம் நீட்டினேன். "கொஞ்சம் போடும்மா."

போட்டாள். நிறையவே போட்டாள், முழு எறாவாகப் பார்த்து. "துன்னுங்கக்கா" என்றாள். அவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கதை பேசத் திரும்பிக்கொண்டாள். நான் சாப்பிட்டேனா, எனக்கு அடைத்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அடைத்தது. தலை நிமிராமல் முழுவதையும் தின்று முடித்தேன்.