வின்ச்சில் வைத்த சந்தனம்

கொம்பையா செய்தது ஒரு முழ நீளத்துக்கு ஒரு வின்ச். ஆனால் அதை நம்பித்தான் அவர் பேர் இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு தனியார் கம்பெனியின் இழுவைக் கப்பலில் பத்தொன்பது வருடம் வின்ச் ஓட்டியவர். பெரிய கப்பலை இழுக்கிற வடம் சுற்றியிருக்கும் இரும்பு உருளை அது. போன வருடம் ஒரு நாள், பிரேக் பிடித்திருக்கும்போதே உருளை வழுக்கி, வடம் சீறிக்கொண்டு போய், பக்கத்தில் நின்ற கூட்டாளித் தொழிலாளி மகாராஜனின் காலை வாங்கிவிட்டது. பிரேக் பட்டையின் லைனிங் தேய்ந்துபோச்சு என்று கொம்பையா மூன்று தடவை வாயால் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்கவில்லை. மறுவாரமே புது லைனிங் மாட்டிவிட்டு, 'ஓட்டுநரே பிரேக்கைத் திறந்துவிட்டார்' என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மகாராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வேலை போனதைவிட அதுதான் கொம்பையாவைத் தின்றது.

கம்பெனி விசாரணையில் காட்டுவதற்காக, சேரன்மகாதேவியில் வீட்டில் உட்கார்ந்து எட்டு மாதம் அந்தச் சின்ன வின்ச்சைச் செய்தார். பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார், பித்தளைக் குழாயில் உருளை, மொபெட் பிரேக்கிலிருந்து லைனிங்.

"என்ன அண்ணாச்சி, தாமிரபரணியில கப்பல் விடப் போறியளா?" என்றார் பழைய இரும்புக்கடை நூகு.

"கப்பலு இல்ல நூகு. கப்பல்ல நடந்தத."

லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அன்றிருந்த மாதிரியே மெலிய வைத்தார். கயிற்றில் அம்மிக் குழவியைக் கட்டி, பிரேக்கைப் பிடித்து, குழவியைத் தூக்கி விட்டால் அந்த வெட்டு இழுப்பில் உருளை வழுக்கும். முப்பது தடவை பார்த்தார். முப்பது தடவையும் வழுக்கியது.

விசாரணைக்குப் போகிற அன்று விடியலில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். அவர் மனைவி இசக்கியம்மா வின்ச்சுக்கு, ஆயுத பூசைக்கு வைப்பதுபோல, மோட்டார், பல்சக்கரம், உருளை எல்லாவற்றுக்கும் குழைத்த சந்தனத்தை வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். அவரும் கண்ணை மூடிக் கும்பிட்டார். வேறொன்றும் தோன்றவில்லை.

கம்பெனி அறையில் மேலாளர் சிவசங்கரன் இருந்தார். ஊன்றுகட்டைகளோடு மகாராஜனும் வந்திருந்தான். கொம்பையா குழவியைத் தூக்கி விட்டார். கயிறு விறைத்தது. உருளை இம்மியும் அசையவில்லை.

பட்டையைத் தளர்த்திப் பார்த்தார். உருளையில் வைத்த சந்தனம் காய்ந்து மணல்போல லைனிங்கைப் பற்றியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். சர்ரென்று வழுக்கியது.

"துடைச்சா வழுக்குது, துடைக்காட்டா நிக்குது. இதுல நான் எதய்யா எழுத?" என்று சிரித்தார் சிவசங்கரன். "எங்க கப்பலுக்கும் சந்தனம் பூசியிருக்கணும்னு சொல்லுதீரா?"

"ஐயா, லைனிங் தேஞ்சிருந்தா..."

"நீரு செஞ்ச பொம்மை. நீரு சொன்னபடிதான் ஆடும்."

மகாராஜன் கட்டைகளை எடுத்தான். "போதும்ண்ணே. வீட்டப் பாத்துப் போங்க" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலிலேயே இசக்கியம்மா நின்றாள். "என்ன ஆச்சு? வழுக்குச்சா?"

"வழுக்குச்சு இசக்கி. அவங்கதான் ஒத்துக்கிடல."

"பாருங்க, நான் அவ்வளவு வேண்டிச் சந்தனம் வச்சேன். மெஷினு எப்படித் தப்பும்? மனுசந்தான் கெட்டவன்."

கொம்பையா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த வருட ஆயுத பூசைக்குப் பரண்மேல் கிடந்த வின்ச்சை அவளே இறக்கித் துடைத்து, முதல் பொட்டை உருளையில் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.