சுவர் எழும்பாத வகுப்பு

சரோஜாக்கா, இன்று பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அரைத்தார்கள், அந்த வாசனை பட்டதும் உன்னைத்தான் தேடினேன். தென்னூரில் நம் ஹைஸ்கூலை ஆண்பிள்ளைகள் ஸ்கூலோடு சேர்த்தபோது, நமக்குத் தனி வகுப்புகள் கட்டவென்று நம் ஸ்கூலையே இடித்துச் செங்கல் எடுத்தார்கள். அஸ்திவாரம் போட்டதோடு நன்கொடை தீர்ந்துவிட்டது. கட்டி முடிக்கிறவரை பெண்பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சாயங்காலமானால் நீ என்னை அங்கே இழுத்துப்போவாய், வெயில் குடித்த கல்லின் சூடும் ஈரச் சுண்ணாம்பு நெடியும் ஆட்டுக்குட்டிகளின் கத்தலுமாக, இருட்டுகிறவரை அந்த அஸ்திவாரத்தில் உட்கார்ந்திருப்போம்.

"ஏய், சுவத்துல முட்டிக்காதடி, வாசப்படி வழியா வா!"

"சுவரு எங்கக்கா இருக்கு?"

"வரும்டி. ஜன்னலோரம் எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."

சுவர் வரவேயில்லை. காத்திருந்த நீயும் விஷக்காய்ச்சலில் போய்விட்டாய். அஸ்திவாரக் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது அங்கே வண்டிமாடு கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நானும் படிக்கவில்லை.

போன இடத்திலாவது எங்கள் சரோஜாக்காவுக்கு ஜன்னலோரம் கிடைக்கட்டும் என்று இதைப் படிக்கிற எல்லோரும் ரங்கநாதரை வேண்டிக்கொள்ளுங்கள்.